ஒருமுறை வெட்டினால் சீமைக்கருவேலம் தீராது

"பொக்லைன் இறக்கி ஒரே மாதத்தில் எல்லா ஊரிலும் வெட்டிவிட்டால் சீமைக்கருவேலம் ஒழிந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆதங்கம் புரிகிறது, ஆனால் சொன்னது சரியில்லை.

தரையோடு வெட்டினால் அடிக்கட்டை பல கிளையாகத் துளிர்க்கும். வேரோடு எடுத்தாலும் மண்ணில் கிடக்கும் விதைகள் சில ஆண்டுகள் கழித்துக்கூட முளைக்கும். நெற்று இனிப்பாக இருப்பதால் ஆடுமாடுகள் விரும்பித் தின்கின்றன. சாணத்தோடும் புழுக்கையோடும் விதை அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. அதனால் உங்கள் கண்மாய் சுத்தமாக இருந்து, பக்கத்து ஊர்க் கண்மாய் புதராகக் கிடந்தால் உழைப்பு வீண்.

சிக்கலே இங்கேதான். பெரிய கண்மாய் நீர்வளத் துறையிடம், சிறியது ஊராட்சி ஒன்றியத்திடம், காடு வனத்துறையிடம், மிச்சம் தனியார் பட்டா. ஒருவர் எடுக்கும் வருடத்தில் இன்னொருவர் எடுக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சீமைக்கருவேலம் போல வெளியிலிருந்து வந்து பரவும் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

அப்புறம், அவசரத்தில் இயந்திரத்தை விட்டால் நம் நாட்டுக் கருவேலமும் வன்னியும் சேர்ந்தே போய்விடும். ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களையும் யோசிக்க வேண்டும். அவர்களையே வெட்டும் வேலையில் சேர்த்து, எடுத்த இடத்தில் உடனே நாட்டு மரங்களை நட்டு, மழைக்குப் பின் வரும் கன்றுகளை வருடாவருடம் பிடுங்க வேண்டும். அந்தத் தொடர் வேலைக்கும் முதலிலேயே பணம் ஒதுக்கச் சொல்லி உங்கள் கிராமசபையில் கேளுங்கள்.