அரபு நாடுகள் என்று ஒரு நாடு கிடையாது

ஞாயிற்றுக்கிழமை டிவி விவாதத்தில் அந்த அண்ணன் பேசிய துண்டு வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். "22 நாடு, ஒரே மொழி, ஒரே மதம், கையில் எண்ணெய். கத்தார் தலைநகர் தோஹாவிலேயே குண்டு விழுகிறது, கூடி ஒரு கண்டன அறிக்கை எழுதிவிட்டுக் கலைகிறார்கள், இவர்களுக்கு ரோஷம் இருக்கிறதா" என்றார். கைதட்டல். அதன் கீழே, அரபு நாடுகளை ஒரே நாடு மாதிரி பேசாதீர்கள் என்று நான் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த பதில்களை நீங்களும் பார்த்தீர்கள், "அங்கே சம்பளம் வாங்கியவன் வேறு எப்படிப் பேசுவான்" என்பதில் தொடங்கி என் வீட்டாரை இழுத்தது வரை. சரி, நாலு வரியில் சொன்னது புரியவில்லை என்றால் இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

அரபு நாடுகள் என்று ஒரு நாடு கிடையாது. 22 அரசுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயம் இருக்கிறது, பல நேரங்களில் அந்தப் பயமே இன்னொரு அரபு அரசைப் பற்றியதுதான். குவைத்தை 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி விழுங்கியது இஸ்ரேலும் இல்லை, ஈரானும் இல்லை. இராக். அமீரகம் உருவாவதற்கு இரண்டு நாள் முன்பு, 1971 நவம்பர் 30ஆம் தேதி, அபு மூசா, துன்ப் தீவுகளில் ஈரான் படையை இறக்கியது. அதனால் அவர்களுக்கு ஈரான் என்றால் தீவு ஞாபகம் வரும். பக்கத்திலேயே ஓமனுக்கு அதே ஈரான் என்றால் வேறு ஞாபகம். 1970களில் ஓமனின் தோஃபார் பகுதியில் நடந்த கிளர்ச்சியை அடக்க சுல்தானுக்கு உதவியாக அப்போதைய ஈரான் மன்னர் ஷாவின் படைவீரர்கள் வந்து சண்டை போட்டார்கள். அதன்பின் ஈரானில் ஆட்சியே மாறியும் ஓமன் உறவை விடவில்லை. அந்தப் பக்கம் அல்ஜீரியாவும் மொராக்கோவும் 1994லிருந்து எல்லையை மூடி வைத்திருக்கின்றன, 2021ல் தூதரக உறவும் போயிற்று. இத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி "ரோஷம் இருக்கிறதா" என்று கேட்டால் யாரைக் கேட்கிறீர்கள்? எந்த நாட்டை?

மொழி ஒன்று என்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, அங்கே இருந்து பார்த்துச் சொல்கிறேன். 2017 ஜூன் 5, நோன்பு மாதம், நான் தோஹாவில் உணவுப்பொருள் விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் வேலை பார்த்தேன். காலையில் செய்தி வந்தது. சவுதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நாலும் கத்தாருடன் உறவை முறித்துவிட்டன. கத்தாருக்குத் தரைவழி என்று இருப்பதே சவுதி எல்லை ஒன்றுதான், அது மூடப்பட்டது. மதியத்துக்குள் கடைகளில் பாலும் கோழியும் காணோம், எங்கள் கிடங்கு வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. சவுதியிலிருந்து வரும் அல்மராய் பால் நின்ற இடத்தில் சில நாளிலேயே துருக்கி எழுத்து போட்ட பால் வந்து நின்றது. ஈரானிலிருந்து விமானத்தில் காய்கறி வந்தது. அதுவரை துபாயின் ஜெபல் அலி துறைமுகம் வழியாக வந்த சரக்குகளுக்கு ஓமனின் சொஹார், சலாலா துறைமுகங்கள் வழி விட்டன. கத்தார் விமானங்கள் ஈரான் வான்வெளியில் பறந்தன. ஒரே மொழி பேசுகிறவர்கள் கதவைச் சாத்தினார்கள், பாரசீகமும் துருக்கியும் பேசுகிறவர்கள் சோறு அனுப்பினார்கள். அந்த அண்ணனிடம் நான் கேட்பது இதை மட்டும்தான், உங்கள் "ஒரே மொழி ஒரே மதம்" கணக்கில் இது எங்கே வருகிறது?

எங்கள் மேலாளர் கத்தார்காரர், மனைவி பஹ்ரைன்காரர். பஹ்ரைன் தன் குடிமக்களை 14 நாளுக்குள் திரும்பி வரச் சொன்னது. அந்த மனிதர் கிடங்கின் அலுவலக அறையில் உட்கார்ந்து மாமனாரிடம் போனில் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்ன பேசினார் என்று முழுதாக எனக்குப் புரியவில்லை, அழுதது புரிந்தது. அமீரகத்தில் கத்தாருக்கு அனுதாபம் தெரிவித்து ஒரு பதிவு போட்டால் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை என்று அங்குள்ள தலைமை வழக்கறிஞர் அறிவித்தார். அனுதாபத்துக்கு! சவுதிப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த கத்தார் ஒட்டகங்களைக்கூட ஆயிரக்கணக்கில் விரட்டினார்கள், மேய்த்தவர்களில் நம் நாட்டுக்காரர்களும் உண்டு, ஜூன் மாத வெயிலில் எல்லையில் நின்றார்கள். அப்புறம் 13 கோரிக்கைகள். கத்தாரின் செய்தி டிவி அல் ஜஸீராவை மூடு, துருக்கி ராணுவத் தளத்தை மூடு, ஈரான் உறவைக் குறை. கத்தார் எப்படிக் குறைக்கும்? உலகத்திலேயே மிகப் பெரிய எரிவாயு வயலை அது ஈரானோடுதான் கடலுக்கடியில் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறது. குவைத் அமீர் ஷேக் சபா தள்ளாத வயதில் தலைநகரம் தலைநகரமாக அலைந்து சமாதானம் பேசினார். அது முடிவதைப் பார்க்காமலே 2020 செப்டம்பரில் காலமானார். 2021 ஜனவரி 5ஆம் தேதிதான் சவுதியின் அல் உலாவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது.

இப்போது "குண்டு விழுந்ததற்கு அறிக்கை மட்டும்தானா" என்ற கேள்விக்கு வருகிறேன். 2025 ஜூன் 23ஆம் தேதி, அமெரிக்கப் படை இருக்கிறது என்பதற்காக கத்தாரின் அல் உதைத் விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை விட்டது. செப்டம்பர் 9ஆம் தேதி, ஹமாஸ் தலைவர்கள் அங்கே பேச்சுவார்த்தைக்கு இருக்கிறார்கள் என்பதற்காக தோஹாவில் இஸ்ரேல் குண்டு போட்டது, கத்தார் பாதுகாப்புப் படைக்காரர் ஒருவரும் செத்தார். மூன்று மாதத்துக்குள், ஒருவருக்கொருவர் எதிரிகளான ஈரான், இஸ்ரேல் இரண்டிடமும் அடி வாங்கிய சின்ன நாடு அது. அதன் பிறகு நடந்ததையாவது கவனித்தீர்களா? 2017ல் கத்தார் விமானங்களுக்கு வானத்தை மூடிய அமீரகத்தின் அதிபர், குண்டு விழுந்த மறுநாளே தோஹாவில் வந்து இறங்கினார். சவுதி இளவரசர் 15ஆம் தேதி உச்சி மாநாட்டுக்கு வந்தார். இரண்டு நாள் கழித்து அதே சவுதி, பாகிஸ்தானோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது. ஒருவர் மீது தாக்குதல் என்றால் அனைவர் மீதும் தாக்குதல் என்று அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்கில் 1950லேயே ஒப்பந்தம் இருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பது சவுதிக்குத் தெரிகிறது. பேச வேண்டிய விஷயம் இது. அந்த விவாதத்தில் இதை ஒருவரும் தொடவில்லை.

"மன்னர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாயா?" இல்லை. 2015 மார்ச்சிலிருந்து ஏமன் மீது குண்டு போட்டது சவுதி தலைமையிலான கூட்டணி, அது கொடுமை, நான் அப்போதும் எழுதினேன். மேற்கொண்டு விளக்கம் கிடையாது.

"அப்போ காஸா?" என்பீர்கள். இது எனக்கு வலிக்கிற இடம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். காஸாவுக்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? ஆட்சியாளர்கள் செய்தது போதாது, வெட்கக்கேடு. ஆனால் ஏன் போதவில்லை என்று புரிந்துகொள்வதற்கு வசை உதவாது. குவைத்தில் போருக்கு முன்பு சுமார் 4 லட்சம் பாலஸ்தீனர்கள் இருந்தார்கள். பாலஸ்தீனத் தலைவர் அராஃபத், இராக் அதிபர் சதாம் பக்கம் சாய்ந்தார் என்பதற்காக, 1991க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டிலேயே இல்லை. ஆசிரியர்கள், டாக்டர்கள், கடை வைத்திருந்தவர்கள். ஜோர்டானில் 1970 செப்டம்பரில் மன்னரின் ராணுவமும் பாலஸ்தீன இயக்கங்களும் மோதிக்கொண்டன. அரசு ஒன்று, மக்கள் ஒன்று. மக்கள் தெருவில் அழுவதும் அரசு கணக்குப் போடுவதும் ஒரே ஊரில்தான் நடக்கிறது. அந்த மக்களையும் சேர்த்து ரோஷமில்லாதவர்கள் என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

என் சின்ன மாமா 1990ல் குவைத்தில் லாரி ஓட்டினார். இராக் வந்ததும் கையிலிருந்த தினார் செல்லாக்காசு ஆயிற்று, பாக்தாத் வழியாக அம்மான் போய், பாலைவன முகாமில் கிடந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். அப்படி ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களைக் கொண்டுவந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த பெருமை. மாமா சொல்லுவது வேறு. வழியில் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தது ஒரு இராக்கியக் குடும்பம், ரொட்டி கொடுத்தது ஜோர்டான் கிராமத்துக்காரர்கள். அவருடைய முதலாளி குவைத்காரர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது, அதை நினைத்து அவர் இப்போதும் வருத்தப்படுகிறார். எங்கள் தெருவில் வளைகுடா போகாத வீடு குறைவு. இந்த விவாதங்களில் எப்போதாவது அப்படி ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்ததுண்டா? அந்த மண்ணில் முப்பது வருஷம் வேலை செய்தவனுக்கு அந்த மக்களைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? நாங்கள் அனுப்பிய பணம் மட்டும் வேண்டும், நாங்கள் பார்த்தது வேண்டாம், வாயைத் திறந்தால் "சம்பளம் வாங்கியவன்".

ஆமாம் தம்பி, வாங்கினேன். வேலை செய்து வாங்கினேன். அந்தச் சம்பளத்தில்தான் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. கத்தாரின் எந்தக் கொள்கையையும் ஆதரித்து ஒரு வரி எழுதச் சொல்லி எனக்கு யாரும் ஒரு ரியால் கொடுத்ததில்லை. மேலே எழுதியதில் எது தவறு என்று தேதியோடு சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். கருத்துப் பகுதி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. என் வீட்டாரைப் பற்றி இன்னொரு முறை எழுதினால் மட்டும் அந்த நிமிஷமே தடை செய்வேன்.