ஓவியத்தை வாங்கினால் அச்சிடும் உரிமையும் சேர்ந்து வராது

தீபாவளி நெருங்கிவிட்டால் நம் சுங்கை சிப்புட் பக்கம் முறுக்கு பாக்கெட், டி-சட்டை, பேனர் என்று எங்கு பார்த்தாலும் பால்மரம் வெட்டும் பெண்ணும் லயத்து வீடுகளும்தான். ரப்பர் தோட்டத்து வாழ்க்கை படமாக வருவதில் எனக்கும் சந்தோஷம். வரைந்தவரிடம் கேட்டார்களா என்பதுதான் கேள்வி.

"காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்பார்கள். வாங்கியது ஓவியத்தை. கடைச் சுவரில் மாட்டலாம், வேண்டாமென்றால் விற்றுவிடலாம். அதைப் படமெடுத்து பாக்கெட்டில் அச்சிடும் உரிமை வரைந்தவரிடமே இருக்கிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அவர் இருக்கும் வரைக்கும், மறைந்த பின் இன்னும் 50 ஆண்டுகளுக்கும்.

ஆனால் சொல்லி வரைய வைத்தால் கதையே வேறு. சம்பள ஆளாக இல்லாத ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை வரையச் சொன்னவருக்குப் போய்விடும். அதே சட்டத்தின் 26ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வெளிநாட்டு யூடியூப் பார்த்துவிட்டு உரிமை தன்னிடமே இருக்கும் என்று நம்பி லோகோ வரைந்து கொடுக்கும் பிள்ளைகளை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தம்பி, தங்கைகளே, உரிமை யாருக்கு என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

கடைக்காரர்களும் எழுத்தில்தான் அனுமதி வாங்க வேண்டும். "எடுத்துக்குங்க அண்ணே" என்ற வாய்ப்பேச்சு நாளைக்கு நிற்காது. அரைப்பக்கம் போதும்: "இந்த ஓவியத்தை 200 கிராம் முறுக்கு பாக்கெட்டில் மட்டும், 3,000 பாக்கெட் வரை, 2 ஆண்டுகளுக்குப் பயன்படுத்தலாம். கடையிலும் ஷாப்பி இணையச் சந்தையிலும் விற்கலாம். ஓவியர் பெயர் பின்பக்கம் வர வேண்டும்." கீழே தொகை, தேதி, இருவர் கையெழுத்து. அடுத்த வருடம் அதே படத்தை டி-சட்டையில் போட ஆசை வந்தால் மறுபடி கேட்க வேண்டும். சண்டை வருவது இந்த இடத்தில்தான்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போதும் கவனம். பாக்கெட் அளவுக்கு ஓரத்தை வெட்டினால் முதலில் காணாமல் போவது மூலையில் இருக்கும் ஓவியரின் கையெழுத்து. சம்மதமில்லாமல் பெயரை விட்டுவிட்டு வெளியிடுவதை 25ஆவது பிரிவு தடுக்கிறது. அனுமதியில்லை என்று தெரிந்தே விற்பனைக்கு அச்சிட்டாலும் விற்றாலும் ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. அச்சிட்டுக் கொடுத்த அச்சகமும் மாட்டும்.

கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தில் கிடைக்கும் படங்களை வைத்து லோகோ செய்பவர்களுக்கு ஒன்று. அந்தப் படங்களை வர்த்தக முத்திரையாகப் பதிய கேன்வாவின் விதிமுறை இடம் கொடுப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரர் அதே படத்தைப் போட்டாலும் தடுக்க வழியில்லை. கடைப் பெயரோடு வரும் சின்னத்தையாவது ஊர்ப் பிள்ளை யாரிடமாவது வரையக் கொடுங்கள். முழு உரிமையும் உங்களுக்குத்தான் என்று எழுதிக்கொண்டு, அதற்கேற்ற தொகையையும் கொடுத்துவிடுங்கள்.