கீமோ வாந்தியும் கப்பல் வாந்தியும் ஒன்றல்ல

"கீமோ (புற்றுநோய் மருந்துச் சிகிச்சை) வாந்தியையே கஞ்சா நிறுத்தும், கப்பல் வாந்தி எம்மாத்திரம்?" என்று சிலர் சொல்வது தவறு. கப்பலில் உட்காது உணரும் ஆட்டமும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. கஞ்சா, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கித் தலைசுற்றலைக் கூட்டலாம். ஆடும் தளத்தில் கால் நிலைக்காமல் கடலில் விழ நேரிடும்.

பெரியவர்கள் பயண வாந்தியைத் தடுக்கும் டைமென்ஹைட்ரினேட் 50 மி.கி. மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கினால் இரைப்பை மந்தமாகிவிடும். அப்போது விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போய்ச் சேராமல் வாந்தியோடு வந்துவிடும். இந்த மாத்திரையால் தூக்கம் வரும், மது கூடவே கூடாது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். அதே வாந்திக்கான ஸ்கோபாலமைன் ஒட்டு (தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை) என்றால் காதுக்குப் பின்னால், குறைந்தது 4 மணி நேரம் முன்பு. ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும்.