தாய் ஆமையைப் பற்றி யாரும் கேட்பதில்லை

சேலத்துக்குத் திரும்பி ஒரு மாசம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள், அஸ்தம்பட்டியில் பார்க்கும் காலேஜ் பிள்ளைகள், எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். "குட்டி ஆமை கடலுக்குப் போற வீடியோ வச்சிருப்பியே, காட்டு." காட்டுகிறேன். எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு உயிர், ஈர மணலில் துடுப்பை அடித்து அடித்து நகர்ந்து, முதல் அலை தூக்கிப் பின்னால் போட்டதும் மறுபடியும் அதே திசையில் கிளம்பும். பார்த்துவிட்டு "ச்சோ, எவ்ளோ அழகு" என்று போனைத் திருப்பிக் கொடுக்கிறார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. நான் சொல்ல நினைப்பது அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்காக மார்ச் தொடக்கத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். சென்னைக்குத் தெற்கே, ஈ.சி.ஆர். பக்கம் ஒரு கடல் ஆமை மீட்பு மையத்தில் ஜூன் வரைக்கும் வேலை. கிளம்புகிற அன்று அம்மாயி வாசல் வரை வந்து, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க, நீ தேடிக்கிட்டே போறியேடி" என்றார். அவர் வாழ்க்கையில் கடலைப் பார்த்ததே ராமேஸ்வரம் போனபோது ஒரே ஒரு தடவை. பயத்தில் சொன்னார், கோபத்தில் இல்லை.

நம் கரைக்கு அதிகம் வருவது பங்குனி ஆமை. ஆங்கிலப் பெயரில் ஆலிவ் ரிட்லி. ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை ராத்திரியில் கரையேறிக் குழி தோண்டி, 100, 120 முட்டை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். நாய் தோண்டும், ஆள் மிதிக்கும் என்பதால் அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்து வைப்போம். 45 முதல் 60 நாளில் பொரியும். ஏப்ரல் வெயிலில் குழிகளுக்கு மேல் நிழல் வலை கட்டுவோம், ஏனென்றால் மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே முடிவு செய்கிறது. சூடு ஏற ஏறப் பெண்தான் அதிகம் வரும்.

இது ராத்திரி வேலை. காலை வேலை வேறு.

விடிந்ததும் கரையோரமாக நடந்து, ஒதுங்கியிருக்கும் செத்த ஆமைகளைக் கணக்கெடுப்போம். ஆமையின் முதுகு ஓட்டின் நீளத்தை டேப்பால் அளந்து, ஆணா பெண்ணா என்று எழுதி, மறுநாள் அதையே திரும்ப எண்ணிவிடாமல் இருக்க ஓட்டின் மேல் பெயின்ட் அடித்து, அப்புறம் குழி வெட்டிப் புதைப்போம். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியது செய்திகளில் வந்தது நினைவிருக்கும். நான் போனபோது அந்த அளவுக்கு இல்லை, ஆனால் நிற்கவும் இல்லை. இரண்டாவது வாரத்தில் பார்த்த ஒன்றை மறக்க முடியாது. கண் இரண்டும் பிதுங்கி, கழுத்து வீங்கி இருந்தது. பின்பக்கத்தை நாய் கிழித்திருந்தது. கிழிந்த இடத்திலிருந்து முட்டைகள் மணலில் சரிந்து கிடந்தன, வெள்ளையாக, உருண்டையாக, ஒன்றுகூட உடையாமல். அன்று ராத்திரி கரையேற வேண்டிய ஆமையாக இருந்திருக்கும்.

ஆமை தண்ணீரில் வாழ்ந்தாலும் நம்மைப் போல நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது, அதற்கு மேலே வந்தே ஆக வேண்டும். விசைப்படகின் இழுவலை ஒரு இழுப்பில் இரண்டு மூன்று மணி நேரம்கூட ஓடும். அதற்குள் மாட்டிய ஆமை போராடப் போராட மூச்சு சீக்கிரம் தீர்ந்து மூழ்கிச் சாகிறது. இன்னொன்று, வலையிலிருந்து அசைவில்லாமல் வருகிற எல்லா ஆமையும் செத்தது இல்லை. மயக்கத்தில் இருக்கலாம். வயிறு கீழே இருக்கும்படி படுக்கவைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஈரத்துணி போட்டு நிழலில் வைத்தால் சில மணி நேரத்தில், சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட எழும். செத்துவிட்டது என்று உடனே கடலில் போட்டால்தான் நிஜமாகவே சாகும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஆயிரம் குஞ்சு கடலுக்குப் போனால் ஒன்று பெரிதாகித் திரும்பி வரும் என்பார்கள். அந்த ஒன்று முட்டையிடும் வயதுக்கு வரவே 10, 15 வருஷம் ஆகும். அப்படியென்றால் கரையில் செத்துக் கிடக்கும் ஒரு தாய் ஆமை, கிட்டத்தட்ட பத்துக் கூட்டுக் குஞ்சுகளுக்குச் சமம். பத்துக் கூடு தேட நாங்கள் எத்தனை ராத்திரி நடந்தோம் என்று எனக்குத் தெரியும். ஒரே காலையில் நாலு தாய் ஆமைகளைப் புதைத்துவிட்டு, சாயங்காலம் கைதட்டலுக்கு நடுவே குஞ்சுகளை விட்ட நாட்கள் உண்டு. ஒரு சீசனில் தமிழ்நாட்டில் விடும் குஞ்சுகள் லட்சத்தைத் தாண்டுகின்றன, நல்லது, விட வேண்டும். ஆனால் அந்த எண்ணிக்கையை மட்டும் சொல்லிச் சந்தோஷப்பட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான்.

இதைச் சொன்னால் உடனே "மீனவங்கதான் காரணம்" என்கிறார்கள். நான் பார்த்தது அப்படி இல்லை. அடிபட்ட ஆமைகளை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர்களே ஃபைபர் படகு மீனவர்கள்தான். ஏப்ரலில் ஒரு பெரியவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கடலில் மிதந்த அறுந்த வலையில் சிக்கியிருந்த பெண் ஆமை ஒன்றைத் தன் லுங்கியை நனைத்துப் போர்த்திக் கொண்டுவந்தார். "பார்த்துக்கம்மா, குட்டியம்மா ரொம்ப வலியில கிடக்குது" என்றார். முன் இடது துடுப்பை நைலான் எலும்பு வரை அறுத்திருந்தது. டாக்டர் துடுப்பை எடுத்துவிட்டார்.

அதன்பிறகு அதற்குச் சாப்பாடு கொடுப்பது என் வேலை. கணவாய்த் துண்டுக்குள் மாத்திரையை ஒளித்து நீட்ட வேண்டும். முதல் பத்து நாள் தொட்டியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்துகொண்டே இருந்தது. உடம்புக்குள் காற்று சேர்ந்துவிட்டால் ஆமையால் முங்க முடியாது, முங்க முடியாவிட்டால் கடலில் இரையும் இல்லை, படகிலிருந்து தப்பவும் முடியாது. ஒரு நாள் காலை போய்ப் பார்க்கிறேன், மேலே ஆமையைக் காணோம். நெஞ்சு அடைத்தது. எட்டிப் பார்த்தால் தொட்டியின் அடியில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது! கொஞ்ச நேரத்தில் மேலே வந்து "ஹ்ஃப்" என்று ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடியும் உள்ளே போனது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சரி, என்ன செய்ய வேண்டும்? கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்று விதி ஏற்கெனவே இருக்கிறது, அதைச் சீசன் நாலு மாசமாவது கண்டிப்பாக நடத்த வேண்டும். அப்புறம் டெட் (TED) என்று சொல்கிற, ஆமையை வலையிலிருந்து வெளியேற்றும் கருவி. வலையின் கழுத்துப் பகுதியில் ஒரு கம்பிச் சட்டம், எறாவும் மீனும் கம்பி இடைவெளியில் உள்ளே போய்விடும், ஆமை கம்பியில் முட்டிச் சரிந்து மேலேயோ கீழேயோ உள்ள திறப்பு வழியாக வெளியே போய்விடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்றபடி இதை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. படகுக்காரர்கள் அந்தத் திறப்பு வழியாக மீனும் போய்விடும் என்கிறார்கள். டீசல் விற்கிற விலையில் அந்தக் கவலையைத் தட்டிவிட முடியாது. அரசாங்கம் கருவியை இலவசமாகக் கொடுத்து, குறைகிற மீனுக்கும் சீசனில் ஈடு கொடுக்கட்டும். கொடுத்துவிட்டு, மாட்டாத படகைப் பிடிக்கட்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் நடக்காது என்பது என் கருத்து.

சேலத்துக்காரிக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை நாம் வாங்கும் கடல் எறாவில் பெரும்பகுதி இழுவலையில் பிடித்ததுதான். வளர்ப்பு எறா வேறு கணக்கு. கடைக்காரரிடம் எது என்று கேட்கலாம், கேட்டால் சொல்கிறார்கள்.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் ஆரம்பித்து ஜூன் 14-ல் முடியும், 61 நாள். அதற்குள் குட்டியம்மாவை விட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜூன் முதல் வாரம் அதே பெரியவரின் படகில்தான் கொண்டுபோனோம். மூன்று துடுப்போடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முங்கியது, அப்புறம் தெரியவில்லை.

ஜூன் 15 காலை நான் வீட்டில் இருந்தேன். டிவியில் விசைப்படகுகள் வரிசையாகக் கடலுக்குக் கிளம்புவதைக் காட்டினார்கள். "இனி எறா விலை இறங்கும்" என்றார் அப்பா. "அந்தப் படகுல எத்தனைல டெட் மாட்டியிருப்பாங்கப்பா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்து, "டெட்டுன்னா என்னம்மா?" என்றார். காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, வலையை வரைந்தேன், கம்பியை வரைந்தேன், வெளியே போகும் வழியை வரைந்தேன். அம்மாயி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இதுல ஆமை எங்கடி?" என்றார்.