யாரை ஜெயிச்சாங்களாம்!

ஆர்மி அணியின் 2024 சீசனைப் பற்றிப் பேச்செடுத்தாலே போதும், அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் பார்க்கிற ஒருத்தர் விடாமல் கேட்கிற கேள்வி இது: "அட, அவங்க யாரைத்தான் ஜெயிச்சாங்க? எல்லாம் சப்பை அணிகள்தானே!" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமிப் பையன்கள் 14 ஆட்டத்தில் 12 ஜெயித்தார்கள். அந்த அணி ஒரே சீசனில் இத்தனை ஜெயித்ததே கிடையாது. அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்கிற லீக்கில் சேர்ந்த முதல் வருஷமே லீக் ஆட்டம் எட்டையும் ஜெயித்து, டிசம்பர் 6 அன்று சொந்த மைதானத்தில் துலேன் காலேஜை 35-14 என்று சாத்திக் கோப்பையைத் தூக்கினார்கள்.

நார்த் டெக்சாஸ் ஆட்டத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்? எதிரணியின் எல்லைக்கோட்டைத் தொட 94 யார்டு போகணும். மூணு யார்டு, நாலு யார்டு என்று முட்டி மோதி, 21 தடவை பந்தை நகர்த்தி, கிட்டத்தட்ட 14 நிமிஷம் எதிரணியிடம் பந்தையே கொடுக்காமல் டச்டவுன் போட்டார்கள். ஒரு குவார்ட்டரே 15 நிமிஷம்தான் சாமி!

நோட்டர் டேம் காலேஜ் 49-14 என்று நொறுக்கியது, மறுக்கவில்லை. கடற்படை அகாடமி அணியான நேவியிடம் 31-13 என்று தோல்வி. அதுதான் இன்னும் எரிகிறது. நாலாவது டவுன், அதாவது கடைசி முயற்சி; பந்தை உதைக்கப் போகிறார்கள் என்று நம் ஆட்கள் நம்பி நிற்க, நேவியின் அந்த மலை மாதிரி டிஃபென்ஸ்காரன் பந்தை வாங்கிக்கொண்டு 29 யார்டு ஓடுகிறான்! சரி, தோற்றது தோற்றதுதான்.

ஆனால் நேவியிடம் தோற்ற அதே டிசம்பர் 14 அன்று மார்ஷல் காலேஜ் அணி செய்த வேலை இருக்கிறதே! சன் பெல்ட் என்கிற லீக்கின் சாம்பியன். சீசன் கடைசியில் நடக்கிற இண்டிபெண்டன்ஸ் பவுல் ஆட்டத்தில் ஆர்மியோடு மோத வேண்டிய அணி. கோச் வேறு காலேஜுக்குப் போனார், பின்னாலேயே பையன்கள் கும்பலாக, காலேஜ் மாறப் பெயர் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் ஏறினார்கள், ஆள் பத்தவில்லை என்று விலகிக்கொண்டது. பதிலுக்கு வந்தது ஐந்து ஜெயித்து ஏழு தோற்ற லூசியானா டெக். 27-6 என்று ஜெயித்தால், "லூசியானா டெக்கைத்தானே!" என்று இளிக்கிறார்கள். வராதவனை எப்படிய்யா ஜெயிக்கிறது?

ஆர்மி பக்கம் நிலைமை என்ன? மற்ற காலேஜ் ஆட்டக்காரன் தன் பெயரையும் படத்தையும் விற்றுக் காசு பார்க்கலாம். ராணுவ அகாடமி மாணவனான கேடட்டுக்கு அது கிடையாது. படிப்பு முடிந்தால் ஐந்து வருஷம் ராணுவப் பணி. 32 டச்டவுன் ஓடிப் போட்ட கேப்டன் பிரைசன் டெய்லிக்கும் அதே சட்டம்தான். மூன்றாம் வருஷம் தொடங்குவதற்குள் கிளம்பினால் அந்தக் கடமை இல்லை. அந்த சீசனில் ஆயிரம் யார்டுக்கு மேல் ஓடிய இரண்டாம் வருஷப் பையன் அப்படித்தான் அரிசோனா ஸ்டேட்டுக்குப் போனான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நம் ஆளைக் கூட்டிக்கொண்டு போகிற மற்ற காலேஜ்காரர்கள்தான், ஆர்மியின் எதிரணிகள் சப்பை என்று நமக்கே வகுப்பெடுக்கிறார்கள்.