பிஎம்டி கோப்போடு மல்லுக்கட்டு

அச்சகத்தில் பழைய திருவிழா மலரைக் கேட்டால், ஒரு பிஎம்டி (.pmd) கோப்பை அனுப்பிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள். டபுள் கிளிக் செய்தால், எதில் திறக்க என்று கணினி நம்மையே கேட்கிறது. அது தெரியாமல்தானே திண்டாடுகிறோம்!

கூகுளில் தேடினால் ஜப்பானின் மிக்குமிக்குடான்ஸ் அனிமேஷன் பொம்மைகள் வந்து நிற்கின்றன. அந்தக் கோப்புகளின் பெயர் முடிவிலும் இதே மூன்றெழுத்துதான். நம்முடையது பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது. அதற்கு முந்தைய 6.5-இன் கோப்பாவது பி65 என்று தன் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தது.

2001-இல் வந்த அந்த 7-தான் கடைசிப் பதிப்பு. அதற்கு அடுத்து வந்த பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனும் சிஎஸ்6 என்ற பழைய பதிப்பு வரைதான் இதைத் திறக்கும். இன்று சந்தா கட்டி வாங்கும் பதிப்பில் திறக்காது. இலவச மென்பொருளான லிப்ரேஆபீஸ் டிராவில் திறக்கலாம், ஆனால் பக்க அமைப்பு அப்படியே வரும் என்று நம்ப முடியாது.

திறந்துவிட்டால் மட்டும் விடிவா? எழுத்துரு பாமினி; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அது கணினியில் இல்லையென்றால் 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். பக்கம் முழுக்க இதே கதி! எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு, எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்தாலும், நடுவில் வரும் ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்து தமிழாகி உளறுகின்றன. ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்த வேண்டும்.

அச்சக அண்ணன்மாரே, வேலை முடிந்ததும் ஒரு பிடிஎஃப் போட்டு வையுங்கள். ஊர்ப் பெரியவர்களின் படமும் பேச்சும் அந்த பிஎம்டி கோப்புக்குள்தான் இருக்கின்றன.