நெருங்க வைப்பது மழையாக இருக்கட்டும், ஹீரோவாக வேண்டாம்

சூழ்நிலை இரண்டு பேரைக் கொண்டுவந்து ஒரே கூரைக்குக் கீழ் நிறுத்தும் காதல் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொத்துக்காக ஒரு வருடம் கணவன் மனைவியாக நடிப்பது, இருக்கிற ஒரே கட்டிலில் நடுவே தலையணையை அடுக்குவது, எதுவானாலும் விடிய விடியப் படிப்பேன். ஆனால் ஆன்லைனில் எபி எபியாக (எபிசோடு எபிசோடாக) வரும் தமிழ்க் கதைகளில் ஒரு வகையை மட்டும் காதல் கதை என்று என்னால் ஏற்கவே முடியவில்லை. பழிவாங்குவதற்காக அவளைத் தூக்கிப்போய்த் தாலி கட்டுவான், போனைப் பிடுங்குவான், வேலைக்கு விடமாட்டான். முப்பதாவது எபியில் அவளுக்கு அவன்மேல் காதல் வந்துவிடும்!

மழையும் காய்ச்சலும் சட்டமும் இரண்டு பேரையும் ஒரே மாதிரி மாட்டிவைக்கும். பூட்டியது ஹீரோ என்றால் மாட்டிக்கொண்டது அவள் மட்டும்தான்.

ஜேன் ஆஸ்டின் 1813-லேயே இதை எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார், பாருங்கள். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் நாயகி எலிசபெத்தின் அக்கா ஜேன் பணக்கார வீட்டு விருந்துக்குப் போகிறாள். மழை வந்தால் அங்கேயே தங்குவாள் என்று கணக்குப் போட்டு, அம்மா வண்டி தராமல் குதிரையில் அனுப்புகிறாள். நனைந்து ஜேனுக்குக் காய்ச்சல். அக்காவைப் பார்க்க எலிசபெத் மூன்று மைல் சேற்றில் நடந்தே வந்து சேர்கிறாள். பாவாடை ஓரமெல்லாம் சேறு. அந்த வீட்டுப் பெண்கள் முதுகுக்குப் பின்னால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க, நடந்து வந்ததில் அவள் கண்கள் இன்னும் பிரகாசமாக இருந்தன என்கிறான் அங்கே விருந்தாளியாகத் தங்கியிருக்கும் நாயகன் டார்சி. அக்காவுக்குத் துணையாக அவளும் அங்கேயே தங்க, அவனுக்குத் தன்மேலேயே பயம் வந்துவிடுகிறது. கிளம்புவதற்கு முந்தின நாள் அரை மணி நேரம் இருவர் மட்டும் ஒரே அறையில் இருக்கிறார்கள். அவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. தொடுவதும் இல்லை, பேச்சும் இல்லை, ஆனாலும் படிக்கிற நமக்கு மூச்சு முட்டும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கப்புறம் நடப்பதுதான். ஜேனுக்குக் குணமானதும் எலிசபெத் சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள். பின்னால் அவன் காதலைச் சொல்லும்போது முகத்துக்கு நேராக மறுக்கிறாள். ஒரே வீட்டில் இருந்ததால் அவள் கடன்பட்டுவிடவில்லை.

“நம் வீடுகளில் கல்யாணத்துக்கு அப்புறம்தானே காதல் வந்தது, பாட்டி காலத்தில் தாத்தா முகத்தைக்கூட மணவறையில்தானே பார்த்தார்கள்” என்பார்கள். உண்மைதான், இந்த வகைக் கதை நமக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குக் காரணமே அதுதான். அதனால்தான் ‘மௌன ராகம்’ (1986) படம் இன்னும் மனதில் நிற்கிறது. விருப்பமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள் விவாகரத்து கேட்கிறாள், அவன் வக்கீலிடம் கூட்டிப்போகிறான். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் பொதுவாக மனு போட முடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 14-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது (1976 வரை அது மூன்று வருடம்!). ஆக, அவர்களை ஒரே வீட்டில் வைத்தது சட்டம். அவன் கடைசியில் அவளுக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறவன். அதனால்தான் ரயிலில் அவள் மனதைத் திறக்கும்போது நம்ப முடிகிறது.

“வெறும் கற்பனைதானே, எதற்கு இவ்வளவு யோசனை” என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கற்பனை என்பதால்தான் கேட்கிறேன். நிஜத்தில் எத்தனையோ பெண்களுக்கு வெளியே போக வழியில்லை. ஆசைப்பட்டுப் படிக்கும் கதையிலாவது அவளுக்கு அந்த வழி இருக்கட்டுமே.

எழுதுகிற தோழிகளே, கட்டாயத்தில் தொடங்கும் கதையைத் தாராளமாக எழுதுங்கள், முதல் ஆளாக வந்து படிக்கிறேன். கட்டாயம் தீர்ந்த மறுநாளுக்கு மட்டும் ஒரு முழு எபி ஒதுக்குங்கள். அவள் கையில் பணம் இருக்கட்டும், போன் இருக்கட்டும், அம்மா வீட்டுக் கதவு திறந்திருக்கட்டும். அப்போது அவள் என்ன முடிவெடுக்கிறாள் என்று எழுதுங்கள்.